பேஸ் கிட்டார் பெட்டிக்கு எந்த ஸ்பீக்கர்: பத்தா, பன்னிரண்டா, பதினைந்தா?

பேஸ் கிட்டார் வாசிக்கத் தொடங்கிய ஒருவர் தமக்கென்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி வாங்கப் புறப்படும்போது, கடையிலும் நண்பர்களிடத்திலும் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: பத்து அங்குலம் அடித்துப் பேசும், பதினைந்து அங்குலம் ஆழமாகப் பேசும், பன்னிரண்டு இரண்டுக்கும் நடுவே நிற்கும். நானும் இந்தப் பதிலைப் பல ஆண்டுகள் பிறருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அதில் பாதிதான் சரி என்பது, தேவாலயப் பாடகர் குழுவிலும் திருமண வரவேற்பு மேடைகளிலும் கிடைத்த பெட்டிகளில் எல்லாம் வாசித்து, கிட்டாரும் ஆம்ப்ளிஃபயரும் மாறாமலேயே எதிர்பார்த்ததற்கு நேர்மாறான ஒலி வந்தபோதுதான் புரிந்தது. பதினைந்து அங்குலப் பெட்டி ஒன்று அடிச்சுரத்தில் மெலிந்து நின்றதையும், ஒற்றைப் பன்னிரண்டு அங்குலப் பெட்டி ஒன்று கூடம் நிறைய முழங்கியதையும் அடுத்தடுத்த வாரங்களில் கேட்ட பிறகு, விட்டத்தை மட்டும் வைத்துப் பெட்டியை மதிப்பிடும் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

ஒப்பிடுவதற்கு முன் இந்தப் பெட்டி எதைச் சுமக்க வேண்டும் என்பதைப் பார்த்துவிடலாம். நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் தடித்த ஈ கம்பி, விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்கு 41 முறை அதிர்கிறது, அதாவது 41 ஹெர்ட்ஸ். அடுத்தடுத்த கம்பிகள் 55, 73, 98 ஹெர்ட்ஸில் நிற்கின்றன. ஐந்து கம்பி கிட்டாரில் கூடுதலாக வரும் பி கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. ஆனால் அந்த 41 ஹெர்ட்ஸைக் காது அப்படியே கேட்டுத்தான் சுரத்தை அறிகிறது என்று நினைத்தால் அது தவறு. கம்பியின் ஒலியில் அடிப்படை அதிர்வெண்ணைவிட அதன் இரு மடங்கான 82 ஹெர்ட்ஸும் அதற்கு மேலுள்ள மேற்சுரங்களும் பெரும்பாலும் வலுவாக இருக்கின்றன. அவற்றைக் கேட்டே மூளை அடியிலுள்ள சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் 1980களின் பாடல்களைத் தேநீர்க்கடையின் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. அந்தச் சிறு ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. இருந்தும் பேஸ் கிட்டார் எந்தச் சுரத்திலிருந்து எந்தச் சுரத்துக்கு நடந்தது என்று வாயால் பாடிக் காட்டும் அளவுக்கு எங்களுக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே, பெட்டி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது முழுக் கேள்வி அல்ல. குழுவின் மற்ற வாத்தியங்களுக்கு நடுவே சுரம் தெளிவாகக் கேட்கும்படி, தேவையான உரப்பில், சிதையாமல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்பதே கேள்வி. தள்ளும் காற்றின் அளவு, ஸ்பீக்கரின் முன்பக்கம் அதிரும் கூம்பின் பரப்பையும் அது முன்பின்னாக ஓடக்கூடிய தூரத்தையும் பெருக்கி வருவது. பத்து அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் பயனுள்ள பரப்பு சுமார் 350 சதுர சென்டிமீட்டர். பன்னிரண்டுக்கு சுமார் 530. பதினைந்துக்கு சுமார் 850. இந்த மூன்று எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதிக் கதைகள் தாமாகவே உதிர்ந்துவிடும். நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் சேர்ந்தால் 1,400 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு பதினைந்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். இரண்டு பன்னிரண்டுகள் சேர்ந்தாலே 1,060. இனி ஓடும் தூரத்தைச் சேர்த்துப் பாருங்கள்: பழைய பாணியிலான ஒரு பதினைந்தின் கூம்பு ஒரு பக்கம் 4 மில்லிமீட்டர்தான் சீராக ஓடும் என்றால் அது தள்ளும் காற்று 340 கன சென்டிமீட்டர், 7 மில்லிமீட்டர் ஓடும்படி செய்யப்பட்ட புதிய பன்னிரண்டு ஒன்று தள்ளுவதோ 371. சிறியது பெரியதைவிட அதிகக் காற்றைத் தள்ளிவிட்டது. விட்டம் மட்டும் எழுதிய விளம்பரத்திலிருந்து இதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஓடும் தூரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒரே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே இறங்குவதற்குக் கூம்பு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். 82 ஹெர்ட்ஸில் 1 மில்லிமீட்டர் அசைந்த கூம்பு, 41 ஹெர்ட்ஸில் அதே உரப்பைத் தர 4 மில்லிமீட்டர் அசைந்தாக வேண்டும். பெட்டி தாங்கும் வாட் எண்ணிக்கை பெரும்பாலும், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலின் சூட்டை வைத்துச் சொல்லப்படுவது. காயில் கருகுவதற்கு வெகு முன்பே கூம்பு தன் எல்லையைத் தொட்டுவிடும். '500 வாட்' என்று எழுதிய பெட்டி ஈ கம்பியில் 200 வாட்டுக்கே கரகரப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்தில் பேஸ் உலகின் மிகப் புகழ்பெற்ற பெட்டியைப் பார்க்காமல் கடக்க முடியாது. ஆம்பெக் நிறுவனம் 1969இல் எஸ்.வி.டி. என்ற 300 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்தபோது, அதனுடன் எட்டுப் பத்து அங்குல ஸ்பீக்கர்கள் அடங்கிய பெட்டிகள் இரண்டைச் சேர்த்து வைத்தது. அன்றைய ஸ்பீக்கர்கள் எட்டால் அந்த 300 வாட்டைத் தாங்க முடியவில்லை என்பதே இரண்டாவது பெட்டிக்குக் காரணம். ஆழத்துக்குப் பேர்போன பெட்டி என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் இதன் வாரிசான எஸ்.வி.டி. 810ஈ பெட்டிக்கு நிறுவனமே கொடுக்கும் கணக்கின்படி, 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி 3 டெசிபல் குறைந்துவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஈ கம்பியின் அடிப்படை அதிர்வெண்ணை இது ஒழுங்காக எழுப்புவதே இல்லை என்று அர்த்தம். அப்படியிருந்தும் அரை நூற்றாண்டாகப் பெரிய மேடைகளில் அது நிற்கிறது என்றால், 2,800 சதுர சென்டிமீட்டர் கூம்புப் பரப்பு, அதாவது மூன்று பதினைந்துகளைவிடக் கூடுதலான பரப்பு, 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சிரமமே இல்லாமல் தள்ளுகிறது என்பதால்தான். நெஞ்சில் வந்து முட்டுவதாக நாம் சொல்லும் ஒலி அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. அந்தப் பெட்டி 4 அடி உயரம். மேல் வரிசை ஸ்பீக்கர்கள் வாசிப்பவரின் காதை நோக்கிப் பேசுகின்றன. முழங்காலோடு பேசும் பெட்டிக்கும் முகத்தோடு பேசும் பெட்டிக்கும் உள்ள வேறுபாட்டை, ஸ்பீக்கரின் தரம் என்று நாம் தவறாக எண்ணிக்கொள்கிறோம். எடை 63 கிலோ என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாடியில் மண்டபம் என்றால் அதைத் தூக்க இரண்டு பேரும், தூக்கிய பிறகு பேச்சு மூச்சில்லாமல் கால் மணி நேர ஓய்வும் தேவை.

பதினைந்து அங்குலத்தின் புகழ் இதற்கும் மூத்தது. லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் கிட்டாரை வெளியிட்டு, மறுஆண்டு அதற்கென்று பேஸ்மேன் ஆம்ப்ளிஃபயரைச் செய்தபோது அதில் இருந்தது ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கர்தான். 1950களின் நடுவில் அதே பேஸ்மேன் நான்கு பத்து அங்குலங்களுக்கு மாறியது. மாறிய பிறகு பேஸ் வாசிப்பவர்களைவிட கிட்டார் வாசிப்பவர்கள் அதை விரும்பி எடுத்துக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. 1960இல் ஆம்பெக் வெளியிட்ட பி-15, ஒரு பதினைந்து அங்குல ஸ்பீக்கரோடு 25 வாட்டில் வேலை செய்தது. மோட்டவுன் இசையின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் கிளப்புகளின் சிறு மேடைகளில் வாசித்தது அதில்தான். உருண்டு திரண்ட, முனை மழுங்கிய அந்த ஒலியே பதினைந்தின் ஒலி என்று மனத்தில் பதிந்துவிட்டது. உண்மையில் அதில் பாதி, மேல் அதிர்வெண்கள் இல்லாமையின் ஒலி. பெரிய கூம்பு நடு அதிர்வெண்களுக்கு மேலே விரைவாகச் சோர்கிறது. சோராத பகுதியையும் டார்ச் விளக்கைப் போல நேர்முன்னே மட்டும் பாய்ச்சுகிறது. ஒலியின் அலைநீளம் கூம்பின் விட்டத்துக்குச் சமமாகும் இடத்திலிருந்து இந்தக் குறுகல் கண்கூடாகிறது: பதினைந்துக்கு அது சுமார் 1,000 ஹெர்ட்ஸ், பன்னிரண்டுக்கு 1,300, பத்துக்கு 1,600. மேலே இருப்பது குறைந்தால் கீழே இருப்பது கூடியதுபோலக் காதுக்குத் தோன்றுவது இயல்புதான். டோன் குமிழைச் சற்றுத் திருகினால் 'நாலு பத்து' எனப்படும், நான்கு பத்து அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெட்டியிலும் இதே 'ஆழம்' கிடைத்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வரவேற்பு நிகழ்ச்சியில், வாடகைக்கு வந்த பதினைந்து அங்குலப் பெட்டியைப் பலகை மேடையின் மேல் வைத்து வாசித்தேன். காற்றுத் துளையுள்ள பெட்டி; சுவர் மூன்று பக்கமும் சுண்ணாம்பு, தரை ஓடு. ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் விரல் வைத்தால் மேடையே உறுமியது. எனக்குப் பின்னால் அடுக்கியிருந்த தண்ணீர் பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. ஐந்தாவது ஃபிரெட்டுக்குப் போனால் ஒலி பாதியாகிவிட்டது. பாடகி திரும்பிப் பார்த்தார். இரண்டாம் பாடல் முடிந்ததும் பெட்டியைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் வைத்து, ஆம்ப்ளிஃபயரில் 100 ஹெர்ட்ஸ் பகுதியை நன்றாகக் குறைத்தேன். உறுமல் அடங்கியது, சுரம் கேட்டது. நம் மண்டபங்களின் கான்கிரீட்டும் ஓடும் 60 முதல் 120 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைத் தாமே பெருக்கிக் கொடுத்துவிடுகின்றன. அங்கே ஆழமான பெட்டியைக் கொண்டுபோவது, உப்புப் போட்ட குழம்பில் இன்னொரு பிடி உப்பைப் போடுவதுதான்.

பத்து அங்குலம் வேகமானது, பதினைந்து மந்தமானது என்ற பேச்சுக்கு இயற்பியலில் இடமில்லை. 80 ஹெர்ட்ஸ் சுரத்தைக் கொடுக்கும் எந்தக் கூம்பும் நொடிக்கு 80 முறைதான் அசைகிறது. மெதுவாக அசைந்தால் வருவது வேறு சுரம். நாம் வேகம் என்று உணர்வது, விரல் கம்பியை விட்டு எழும்போது பிறக்கும் 1,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைப் பெட்டி எவ்வளவு கொடுக்கிறது என்பதையும், சுரம் நின்ற பிறகு பெட்டி தன் பங்குக்கு முனகாமல் இருக்கிறதா என்பதையும்தான். முன்னதில் பத்துக்குச் சாதகம் உண்டு. பின்னது பெட்டியின் வடிவமைப்பைப் பொறுத்தது. மூடிய பெட்டியில் ஒலி தன் எல்லைக்குக் கீழே மெல்லச் சரிகிறது. துளையுள்ள பெட்டி சற்றுக் கூடுதல் ஆழம் இறங்கிவிட்டு, பிறகு செங்குத்தாக விழுகிறது. விழுவதோடு நிற்பதில்லை: துளை சுருதி கூட்டப்பட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் காற்று இல்லாமல் போய், அது வீணே முன்பின்னாகத் துள்ளுகிறது. 45 ஹெர்ட்ஸில் கூட்டிய பெட்டியில் ஐந்து கம்பிக்காரர் பி கம்பியைப் பலமாக மீட்டினால் நடப்பது இதுதான். ஐந்து கம்பி வாசிப்பவர், விட்டம் எதுவாயினும், அடியை வெட்டும் ஒரு வடிகட்டியை ஆம்ப்ளிஃபயரில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு பெட்டி சிறிதாகவும், ஆழமாகவும், குறைந்த வாட்டில் உரப்பாகவும் இருக்க முடியாது. மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஹாஃப்மன் வகுத்த இந்த விதியை ஒலிபெருக்கித் துறையில் இரும்பு விதி என்றே அழைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நெவில் தீலும் ரிச்சர்ட் ஸ்மாலும் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்பீக்கரின் சில அளவைகளைக் கொண்டு அதற்கேற்ற பெட்டியின் கொள்ளளவையும் துளையின் சுருதியையும் கணக்கிட்டுவிட முடிகிறது. ஆகவே, பழைய பெட்டியில் ஸ்பீக்கர் போய்விட்டதென்று அதே விட்டத்தில் கைக்குக் கிடைத்த இன்னொன்றை மாட்டுவதும், தச்சரிடம் கண்ணளவில் ஒரு பெட்டி செய்யச் சொல்வதும், பொருந்தினால் அதிர்ஷ்டம் என்ற வகையைச் சேர்ந்தவை.

நாலு பத்துப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். கம்பீரமான முழக்கம், நல்ல நடு ஒலி, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்றாலும் அமுங்காத உரப்பு ஆகியவற்றில் ஒற்றைப் பெட்டிகளில் இதற்கு ஈடு குறைவு. இதன் குறை இரண்டிரண்டாக அடுக்கிய அமைப்பில் இருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு கூம்புகள் அகலமான ஒரே கூம்பைப் போல நடந்துகொள்வதால், ஒலி இடமும் வலமும் விரியாமல் நேர்முன்னே குவிகிறது. வாசிப்பவருக்கு முழங்கால் உயரத்தில் மந்தமாகக் கேட்கும். அவர் மேல் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவார். பத்தாவது வரிசையில் நேர் எதிரே உட்கார்ந்தவர் காது குடைவதாக முறையிடுவார். எடையும் ஒரு விஷயம்: ஃபெரைட் காந்தம் கொண்ட நாலு பத்து 40 கிலோவைத் தாண்டுவது வழக்கம், நியோடிமியம் காந்தம் வந்த பிறகு அது 25 கிலோ அளவுக்கு இறங்கியிருக்கிறது.

என் தேர்வு பன்னிரண்டு. ஒற்றைப் பன்னிரண்டுப் பெட்டிகள் இரண்டை, ஒரே மாதிரியானவற்றை, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. மொத்தப் பரப்பு பதினைந்தைவிட அதிகம், நாலு பத்தைவிடக் குறைவு. செங்குத்தாக நிற்பதால் ஒலி பக்கவாட்டில் விரிகிறது. மேல் பெட்டி ஒரு மீட்டர் உயரத்துக்கு வந்து காதுக்கு அருகே பேசுகிறது. ஒத்திகைக்கு ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லலாம். நியோடிமியம் காந்தம் உள்ள ஒற்றைப் பன்னிரண்டு 13 முதல் 15 கிலோதான். ஆட்டோவில் கிட்டார் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நடுவில் நாம் என்று உட்கார்ந்துவிடலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கூம்பு நெடுந்தூரம் ஓடும் தரமான ஸ்பீக்கராக இருக்க வேண்டும். கிட்டாருக்கென்று செய்த பன்னிரண்டை வாங்கிவிட்டால், ஓடும் தூரம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. சீக்கிரமே கிழிந்துவிடலாம்.

மற்ற அளவுகளைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. எட்டு அங்குலங்களும், ஃபில் ஜோன்ஸ் நிறுவனம் அடுக்கடுக்காக வைக்கும் ஐந்து அங்குலங்களும் வீட்டுப் பயிற்சிக்கும் மென்மையான கச்சேரிகளுக்கும் அழகானவை. பதினெட்டு அங்குலம், பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்த அக்கவுஸ்டிக் 360 என்ற ஆம்ப்ளிஃபயரில் பெயர் வாங்கியது. இன்று அது, அடிச்சுரங்களுக்கென்றே மைக்செட்காரர் வைக்கும் சப் பெட்டிக்குள் இருப்பதே முறை.

பத்தையும் பதினைந்தையும் கலந்து, நாலு பத்தின் கீழே ஒரு பதினைந்து என்று அடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பார்வைக்கு நன்றாக இருக்கும். இரண்டும் 8 ஓம் மின்தடை கொண்ட பெட்டிகள், ஆம்ப்ளிஃபயர் 400 வாட் என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 200 வாட். நாலு பத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 50 வாட்தான் விழுகிறது. பதினைந்தோ அந்த 200 வாட்டையும் தனியாக விழுங்க வேண்டும். முதலில் திணறுவது அதுதான். ஆக, அடுக்கின் உரப்பை நிர்ணயிப்பது அதன் பலவீனமான பாதி. போதாக்குறைக்கு, இரண்டு வெவ்வேறு பெட்டிகளின் ஒலி சில அதிர்வெண்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒரே மாதிரி இரண்டைச் சேர்த்தால், ஒரு பெட்டிக்குப் போன அதே அளவு மின்சாரம் ஒவ்வொன்றுக்கும் போகும் நிலையில், அடிச்சுரங்களில் 6 டெசிபல் கூடுகிறது. அதில் பாதி கூடுதல் வாட்டால், பாதி இரண்டு கூம்புகளும் சேர்ந்து தள்ளுவதால்.

ஓம் கணக்கை வாங்கும் முன்பே போட்டுவிட வேண்டும். 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். கையடக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றுக்கு 4 ஓமுக்குக் கீழே அனுமதி இல்லை. பின்னாளில் இரண்டாவது பெட்டி சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதல் பெட்டி 8 ஓமாகவே இருக்கட்டும். இனி எந்தக் காலத்திலும் ஒன்றுதான் என்று உறுதியாக இருப்பவர் 4 ஓம் நாலு பத்தை வாங்கி ஆம்ப்ளிஃபயரின் முழு வலுவையும் பெறலாம்.

மைக்செட்டில் பேஸ் கிட்டாரை நேராக இணைத்துப் பெரிய சப் பெட்டிகளில் விடும் நிகழ்ச்சிகளே உங்கள் வாசிப்பில் பெரும்பகுதி என்றால், மேடையில் இருக்கும் உங்கள் பெட்டி உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். ஒரு பன்னிரண்டு நிறைவாகச் செய்துவிடும். பாட்டுக்கு மட்டுமே மைக் வைத்து, பேஸைக் கூடம் முழுவதும் தன் பெட்டியாலேயே கேட்க வைக்க வேண்டிய தேவாலயங்களிலும் சிறு அரங்குகளிலும் இரண்டு பன்னிரண்டு அல்லது நாலு பத்து தேவை. அங்கே 15 பேருக்கு மேல் பாடகர்கள் நிற்கிறார்கள், டிரம்ஸ்காரரும் கையை அடக்குவதில்லை என்றால் நாலு பத்துக்கே என் வாக்கு. ஒற்றைப் பதினைந்தை, மழுங்கிய அந்தப் பழைய ஒலியே வேண்டும் என்று தெரிந்து கேட்பவருக்கு மட்டும் பரிந்துரைப்பேன். அப்படிக் கேட்பவருக்கு அது வேறு எதிலும் கிடைக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழைய பெட்டியை வாங்குகிறவர் கையோடு ஒரு 1.5 வோல்ட் பேட்டரியையும் கேபிளையும் எடுத்துச் செல்லலாம். முன்வலையைக் கழற்றிவிட்டு, கேபிளின் ஒரு முனையைப் பெட்டியில் செருகி, மறுமுனையில் நடு ஊசியைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் உடலை நெகட்டிவிலும் ஒரு கணம் தொட்டு எடுத்தால், கூம்புகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிப்பக்கம் மெல்ல எம்பும். ஒன்று மட்டும் உள்ளே போனால் யாரோ ஸ்பீக்கரை மாற்றும்போது இணைப்பைத் தலைகீழாகக் கொடுத்திருக்கிறார்கள்; அது மற்றவற்றின் அடிச்சுரத்தைத் தின்றுகொண்டிருக்கும். ஒன்று அசையவே இல்லையென்றால் அதன் காயில் போயிருக்கலாம். பிறகு ஒவ்வொரு கூம்பையும் எதிரெதிர் ஓரங்களில் விரல் நுனிகளை வைத்துச் சமமாக அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கர் சத்தமில்லாமல் உள்ளே போய் வரும். மணலைத் தேய்ப்பது போன்ற சன்னமான உரசல் கேட்டால் காயில் காந்தத்தில் இடிக்கிறது. அந்தப் பெட்டியை, விலையில் எவ்வளவு குறைத்துக்கொண்டாலும், அங்கேயே வைத்துவிட்டு வருவேன்.